முதல் ஹெட்ஃபோன் ஆம்ப்: ஐசியைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம்

நீங்கள் கேட்டவை இரண்டு. உங்களிடம் 32 ஓம் பிளானர் (தட்டையான மென்படலம் அதிர்ந்து ஒலி தரும் வகை) ஹெட்ஃபோன் ஒன்றும் 300 ஓம் ஹெட்ஃபோன் ஒன்றும் இருக்கின்றன. இரண்டையும் ஓட்டும் ஆம்பை நீங்களே கட்ட எந்த ஆப்-ஆம்ப் ஐசி (சிக்னலைப் பெரிதாக்கும் சில்லு) வாங்குவது என்பது முதல் கேள்வி. கட்டி முடித்ததை மிட்டாய் டப்பாவில் வைக்கலாமா, அலுமினியப் பெட்டிதான் வேண்டுமா என்பது இரண்டாவது. சால்டரிங் தெரியும், சர்க்யூட் படம் படிக்கத் தெரியும் என்கிறீர்கள். அது போதும்.

முதல் முறை கட்டுகிறவர்கள் பெரும்பாலும் இந்த வரிசையில்தான் கேட்கிறார்கள்: ஐசி முதலில், பெட்டி கடைசியில். நானும் அப்படித்தான் தொடங்கினேன். பல ஆம்ப் கட்டிய பிறகு வரிசையைத் தலைகீழாக மாற்றிக்கொண்டேன். ஐசியை சாக்கெட்டில் இருந்து பிடுங்கி வேறொன்று போட ஒரு நிமிடம் ஆகும். வால்யூம் கண்ட்ரோல், ஜாக், பவர், பெட்டி இந்த நான்கில் ஒன்றைத் தப்பாக வாங்கிவிட்டால் மொத்தத்தையும் பிரித்து மறுபடி துளை போட வேண்டும். காதுக்குத் தெரிகிற குறைகளும் பெரும்பாலும் இந்த நான்கில் இருந்துதான் வருகின்றன. ஹம் (தாழ்ந்த ரீங்காரம்), ஒரு பக்கம் சத்தம் குறைவு, கரகரப்பு, தொட்டால் இரைச்சல் எல்லாமே இங்கே பிறப்பவை.

முதலில் உங்கள் ஹெட்ஃபோன்கள் என்ன கேட்கின்றன என்று கணக்குப் போட்டுவிடுவோம். பாட்டில் திடீரென்று எழும் உச்சங்களுக்கு 110 டெசிபல் வரை இடம் இருந்தால் தாராளம். (தொடர்ந்து அந்த அளவில் கேட்டால் காது போய்விடும், இது உச்சத்துக்கான இடம் மட்டுமே.) 300 ஓம் ஹெட்ஃபோன் ஒரு மில்லிவாட்டுக்கு 100 டெசிபல் தரும் என்று வைத்துக்கொள்வோம். 110 டெசிபலுக்கு 10 மில்லிவாட் வேண்டும். அதற்கு 1.73 வோல்ட், 5.8 மில்லிஆம்பியர். இப்போது 32 ஓம் பிளானர். பிளானர்கள் பொதுவாக மந்தமானவை, ஒரு மில்லிவாட்டுக்கு 90 டெசிபல் என்று எடுத்துக்கொள்ளலாம். 110-க்குப் போக 100 மில்லிவாட் வேண்டும். வோல்டேஜ் 1.79. கரண்ட் 56 மில்லிஆம்பியர், அலையின் உச்சியில் 79.

இரண்டு ஹெட்ஃபோனும் கேட்கும் வோல்டேஜ் கிட்டத்தட்ட ஒன்றுதான். கரண்ட்தான் பத்து மடங்கு வித்தியாசம். "300 ஓம் என்றால் ஓட்டுவது கஷ்டம், 32 ஓம் என்றால் சுலபம்" என்று எல்லோரும் சொல்வார்கள். உங்களிடம் இருக்கும் ஜோடிக்கு அது நேர் எதிர். உங்கள் ஹெட்ஃபோன்களின் பெட்டியில் அச்சிட்டிருக்கும் சென்சிடிவிட்டியை எடுத்து இதே கணக்கை நீங்களே ஒரு முறை போட்டுப் பாருங்கள். சில நிறுவனங்கள் மில்லிவாட்டுக்கு எத்தனை டெசிபல் என்று போடும், சில ஒரு வோல்ட்டுக்கு எத்தனை டெசிபல் என்று போடும். எது என்று பார்க்காமல் கணக்குப் போட்டால் 32 ஓமில் 15 டெசிபல் தவறிவிடும்.

இந்தக் கணக்கு முடிந்ததுமே ஐசி கேள்விக்குப் பாதி பதில் வந்துவிட்டது. கிட்களில் சகஜமாக வரும் டிஎல்072 இந்த வேலைக்கு ஆகாது. இரைச்சல் அதிகம், 32 ஓமைக் கண்டால் திணறிவிடும். என்இ5532 அருமையான ஐசி. விலை குறைவு, இரைச்சல் குறைவு. ஆனால் அது 600 ஓம் லோடை மனதில் வைத்துச் செய்தது. அவுட்புட்டை ஷார்ட் செய்தாலே சுமார் 38 மில்லிஆம்பியருக்கு மேல் தராது. உங்கள் 300 ஓமுக்கு அது தாராளமாகப் போதும், பிளானருக்குப் போதாது. ஓபிஏ2134 கதையும் ஏறக்குறைய இதுதான். என்ஜேஎம்4556ஏ என்று ஒன்று இருக்கிறது. பார்க்க என்இ5532 மாதிரியே எட்டுக் கால், கால்களின் வரிசையும் அதே. ஒவ்வொரு பாதியும் 70 மில்லிஆம்பியர் தரும். இரண்டு பாதிகளையும் ஒரு பக்கத்துக்கே கொடுத்து, இரண்டு அவுட்புட்டையும் ஆளுக்கு 1 ஓம் ரெசிஸ்டர் வழியாக இணைத்தால் 140 வரை போகும். உங்கள் பிளானரின் 79 மில்லிஆம்பியர் உச்சம் அதற்குள் சிரமமில்லாமல் அடங்கும்.

இது என் கண்டுபிடிப்பு இல்லை. 2011-இல் வெளிவந்து இன்றும் பலர் கட்டிக்கொண்டிருக்கும் ஓ2 ஆம்பின் அவுட்புட் இப்படித்தான் அமைந்திருக்கிறது. முன்னால் என்ஜேஎம்2068 கெயின் கொடுக்கும் (சிக்னலைச் சில மடங்கு பெரிதாக்கும்), நடுவில் வால்யூம், பின்னால் இரண்டு 4556ஏ. உங்களுக்கு என் பரிந்துரை அதுதான், அல்லது அதே அமைப்பில் உள்ள வேறு எந்தப் போர்டும். 300 ஓம் மட்டும் இருந்திருந்தால் 1990-களின் கடைசியில் சூ மோய் வெளியிட்ட சிமோய் சர்க்யூட்டையே சொல்லியிருப்பேன். ஒரு டூயல் ஆப்-ஆம்ப், ஒரு 9 வோல்ட் பேட்டரி, விரல் விட்டு எண்ணும் அளவுக்கு ரெசிஸ்டர்கள். மிட்டாய் டப்பாவில் ஆம்ப் வைக்கும் பழக்கமே அதனால்தான் பரவியது. இன்னும் அதிகக் கரண்ட் வேண்டும் என்றால் ஆப்-ஆம்புக்குப் பின்னால் பியூஎஃப்634 வகை பஃபர் ஐசி (கரண்டை மட்டும் கூட்டித் தருவது) வைக்கலாம், அல்லது பிடி139, பிடி140 டிரான்சிஸ்டர் ஜோடி போடலாம். டிபிஏ6120 மாதிரி அதிவேக ஐசிகளை முதல் ஆம்பில் தொடாதீர்கள். போர்டின் தடங்கள் கொஞ்சம் நீண்டாலே ஆசிலேட் ஆகும், அதாவது தானாகவே அதிரத் தொடங்கும். ஆசிலேஷன் காதுக்குக் கேட்காது. பாட்டு எதுவும் ஓடாதபோதும் ஐசி கை வைக்க முடியாதபடி கொதிக்கும்.

ஐசி பற்றி இன்னொன்று சொல்லிவிட்டு நகர்கிறேன். பெயர் பெற்ற ஆப்-ஆம்ப்களில் போலி நிறைய. சாதாரண ஐசியின் மேல் எழுத்தைச் சுரண்டிவிட்டு விலை உயர்ந்த ஐசியின் பெயரை அச்சடித்து விற்கிறார்கள். உற்பத்தியாளர் அங்கீகரித்த விநியோகஸ்தரிடம் வாங்கிய நேர்மையான என்இ5532, எங்கோ பாதி விலைக்குக் கிடைத்த போலி ராஜாவைவிட எவ்வளவோ மேல்.

கெயின் எவ்வளவு வைப்பது என்பதில்தான் நிறையப் பேர் சறுக்குகிறார்கள். பழைய சிமோய் படங்களில் 11 மடங்கு இருக்கும். உங்கள் டிஏசி (டிஜிட்டல் பாட்டைச் சிக்னலாக மாற்றும் கருவி) 2 வோல்ட் தருகிறது, ஹெட்ஃபோனுக்கு அதிகபட்சம் 1.8 வோல்ட் போதும் என்றால் கெயினே தேவையில்லை! ஃபோன் மாதிரி 1 வோல்ட் தரும் சாதனமும் பயன்படும் என்பதற்காக 2 அல்லது 2.5 மடங்கு வையுங்கள். 11 மடங்கு வைத்தால் வால்யூம் குமிழைக் கொஞ்சம் திருப்பியதுமே காது அடைத்துவிடும். வாழ்நாள் முழுக்க குமிழின் முதல் கால் பங்கிலேயே கேட்டுக்கொண்டிருப்பீர்கள். வால்யூம் கண்ட்ரோலின் மோசமான பகுதியே அந்த முதல் கால் பங்குதான்.

அதைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்க்கலாம். ஸ்டீரியோவுக்கு வேண்டியது ஒரே தண்டில் இரண்டு பாட் (பொட்டென்ஷியோமீட்டர், குமிழைத் திருப்பினால் மதிப்பு மாறும் ரெசிஸ்டர்). 10 கிலோ ஓம், லாக் வகை, அதாவது முதலில் மெதுவாகவும் பிறகு வேகமாகவும் மாறுவது. உடம்பில் ஏ10கே என்று அச்சடித்திருக்கும்; பி10கே என்றால் லீனியர், ஒரே சீராக மாறுவது. எழுத்தை நம்பாமல் மீட்டரால் பார்த்துவிடுங்கள். குமிழைச் சரியாகப் பாதியில் நிறுத்தி, நடுக் காலுக்கும் கிரவுண்டுக்குப் போக வேண்டிய காலுக்கும் இடையே அளந்தால் லாக் பாட்டில் 1 அல்லது 1.5 கிலோ ஓம் காட்டும். 5 காட்டினால் அது லீனியர், திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

அப்புறம் இரண்டு பக்கமும் ஒத்துப்போகிறதா என்று பார்க்க வேண்டும். குமிழை மெதுவாகத் திறந்து, நீங்கள் ராத்திரியில் கேட்கும் அளவுக்குக் கொண்டு வாருங்கள். இடது பக்கம் 150 ஓம் காட்டுகிறது, வலது பக்கம் 210 காட்டுகிறது என்றால் வித்தியாசம் கிட்டத்தட்ட 3 டெசிபல். பாடகரின் குரல் நடுவில் நிற்காமல் வலது காதோரம் போய் உட்கார்ந்துவிடும். நல்ல ஆப்-ஆம்புக்கும் மிக நல்ல ஆப்-ஆம்புக்கும் உள்ள வித்தியாசத்தை ஒரு மாதம் உட்கார்ந்து தேடினாலும் கண்டுபிடிக்க முடியாமல் போகலாம். இந்த இடது வலது வித்தியாசத்தை யாராக இருந்தாலும் கேட்கும் முதல் பாட்டிலேயே சொல்லிவிடுவார்கள். முடிந்தால் ஒரே மாதிரிப் பாட் மூன்று நான்கு வாங்கி, அளந்து, நன்றாக ஒத்துப்போவதைப் போடுங்கள். ஆல்ப்ஸ் ஆர்கே27 என்ற நீல நிறப் பாட் இதற்குப் பெயர் பெற்றது. ஆனால் அது பெரியது. 27 மில்லிமீட்டர் சதுரம், பின்பக்கமும் நீளும். அதை வாங்கினால் பெட்டியும் அதற்கேற்ப வளரும். சின்ன பெட்டிக்கு ஆர்கே09 வகை 9 மில்லிமீட்டர் பாட் போதும்.

பாட்டின் தண்டைப் பார்க்க மறந்துவிடாதீர்கள். சிலவற்றில் 6 மில்லிமீட்டர் வழவழப்பான உருளை, சிலவற்றில் ஒரு பக்கம் தட்டையான டி வடிவம், சிலவற்றில் பல் பல்லாகக் கீறி நடுவில் பிளந்த தண்டு. குமிழ் இதில் ஒன்றுக்குத்தான் பொருந்தும். அழகான அலுமினியக் குமிழ் வாங்கி வைத்துக்கொண்டு, அது தண்டில் ஏறாமல் டேப் சுற்றி ஒட்டியிருப்பதைப் பார்த்திருக்கிறேன். பக்கத்து ஸ்க்ரூ உள்ள குமிழ் என்றால் வழவழப்பான தண்டுக்கும் டி தண்டுக்கும் இரண்டுக்கும் ஆகும்.

ரெசிஸ்டர், கெப்பாசிட்டர் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ரெசிஸ்டர் ஒரு சதவீத மெட்டல் ஃபிலிம், கால் வாட். மதிப்பை ஒவ்வொன்றாக மீட்டரில் பார்த்துச் சொருகுங்கள். ஐந்து வரிக் கலர் கோடுகளைச் சின்ன ரெசிஸ்டரில் கண்ணால் படிப்பது நம்பத் தகுந்த வழி இல்லை. இன்புட்டில் கப்ளிங் கெப்பாசிட்டர் (டிசியைத் தடுத்துப் பாட்டை மட்டும் உள்ளே விடுவது) போட்டால் பாலியெஸ்டர் அல்லது பாலிப்ரொப்பிலீன் ஃபிலிம். 1 மைக்ரோஃபாரட், பின்னால் 100 கிலோ ஓம் என்றால் கட்டாஃப் (அதற்குக் கீழே ஒலி குறையத் தொடங்கும் இடம்) 1.6 ஹெர்ட்ஸ், பேஸ் துளிகூடக் குறையாது. எக்ஸ்7ஆர் வகை செராமிக் கெப்பாசிட்டரைச் சிக்னல் பாதையில் வைக்காதீர்கள். வோல்டேஜுக்கு ஏற்ப அதன் மதிப்பே மாறும், அது டிஸ்டார்ஷனாக வெளியே வரும். அதே எக்ஸ்7ஆர் ஐசியின் பவர் காலை ஒட்டி 0.1 மைக்ரோஃபாரடாக உட்காருவதற்கு மிகவும் சரியான ஆள். "ஒட்டி" என்றால் நிஜமாகவே ஒட்டி, சில மில்லிமீட்டருக்குள்.

ஒற்றை சப்ளையில் ஓடும் சர்க்யூட்களில் அவுட்புட்டில் பெரிய எலக்ட்ரோலிட்டிக் வரும். 220 மைக்ரோஃபாரட் வைத்தால் 32 ஓமில் கட்டாஃப் சுமார் 23 ஹெர்ட்ஸ், 470 வைத்தால் சுமார் 11 ஹெர்ட்ஸ். சின்னதாக வைத்துவிட்டு "பேஸ் வரவில்லை, ஐசி சரியில்லை" என்று ஐசியை மாற்றிக்கொண்டே இருப்பவர்கள் உண்டு. அவுட்புட்டில் தொடராக ரெசிஸ்டர் வைப்பதானால் ஹெட்ஃபோனின் ஓமில் எட்டில் ஒரு பங்கைத் தாண்ட வேண்டாம். 32-க்கு அது 4 ஓம்.

இப்போது பவர். உங்கள் பிளானருக்கு ஒற்றை 9 வோல்ட் பேட்டரியை நடுவில் பிரித்து ஓட்டும் முறை சரிவராது. பிரிப்பதற்குப் பலரும் போடும் டிஎல்இ2426 ஐசி 20 மில்லிஆம்பியர்தான் தாங்கும். உங்களுக்கு வேண்டியது அதைப்போல் பல மடங்கு. இரண்டு 9 வோல்ட் பேட்டரி வைத்தால் நடுப்புள்ளி உண்மையான கிரவுண்டாக இருக்கும். ஆனால் ஒரு பேட்டரி முதலில் செத்தால் அவுட்புட்டில் டிசி ஏறி ஹெட்ஃபோன் காயிலுக்குப் போகலாம். ஓ2-வில் ஒன்று இறங்கினால் இரண்டையும் சேர்த்து நிறுத்தும் சர்க்யூட் இருப்பது இதனால்தான். பேட்டரி ஆம்பில் எல்ஈடியையும் கவனியுங்கள். என்இ5532 சும்மா இருக்கும்போது சுமார் 8 மில்லிஆம்பியர் குடிக்கும். எல்ஈடிக்கு 10 மில்லிஆம்பியர் கொடுத்தால் ஐசியைவிட விளக்கு அதிகம் சாப்பிடுகிறது! பிரகாசமான எல்ஈடி வாங்கி 10 கிலோ ஓம் ரெசிஸ்டர் போட்டால் ஒரு மில்லிஆம்பியருக்குள் முடியும், பார்க்கவும் கண் கூசாது.

மேசையில் வைக்கும் ஆம்ப் என்றால் 12 வோல்ட் ஏசி தரும் அடாப்டர்தான் எனக்குப் பிடித்த வழி. டிசி இல்லை, ஏசி. உள்ளே வெறும் டிரான்ஸ்ஃபார்மர் மட்டும் இருக்கும். பெட்டிக்குள் இரண்டு டயோட், இரண்டு பெரிய கெப்பாசிட்டர், 7812, 7912 என்ற இரண்டு ரெகுலேட்டர்கள் (வோல்டேஜை நிலையாக வைப்பவை). பிளஸ் 12, மைனஸ் 12 கையில் வந்துவிடும். மெயின்ஸ் வோல்டேஜ் பெட்டிக்குள் வரவே வராது. முதல் ஆம்ப் கட்டுகிறவருக்கு இது பெரிய நிம்மதி. 12 வோல்ட் ஏசியின் உச்சி 17. டயோட் போக 16 சொச்சம். 1000 மைக்ரோஃபாரட் வைத்து 50 மில்லிஆம்பியர் இழுத்தால் 50 ஹெர்ட்ஸில் ரிப்பிள் (வோல்டேஜின் ஏற்ற இறக்கம்) சுமார் 1 வோல்ட். மிச்சம் 15-க்கு மேல் இருக்கும், ரெகுலேட்டருக்கு 14 போதும். லோடு இல்லாதபோது அடாப்டர் 12-க்கு மேலேயே தரும், அதனால் அந்தக் கெப்பாசிட்டர்கள் 35 வோல்ட் ரகமாக இருக்கட்டும்.

சாதாரண ஸ்விட்சிங் அடாப்டர்களில் ஒரு தொந்தரவு உண்டு. மெயின்ஸ் பக்கத்தையும் வெளிப் பக்கத்தையும் ஒரு சின்ன கெப்பாசிட்டர் இணைத்திருக்கும். அதன் வழியாகக் கொஞ்சம் கசிவு வரும். கம்ப்யூட்டரோடு இணைத்ததும் காதில் ரீங்காரம் கேட்டால் முதலில் அங்கே சந்தேகப்படுங்கள்.

ரெகுலேட்டரில் பெட்டியோடு நேரடியாகத் தொடர்புள்ள ஒரு பொறி இருக்கிறது. 7812-இன் கால்கள் இன்புட், கிரவுண்ட், அவுட்புட் என்று வரும். 7912-இல் கிரவுண்ட், இன்புட், அவுட்புட். பின்னால் உள்ள உலோகத் தகடு 7812-இல் கிரவுண்ட். 7912-இல் அதுவே இன்புட். இரண்டையும் சூடு ஆறட்டும் என்று அலுமினியப் பெட்டியின் சுவரில் நேராக ஸ்க்ரூ போட்டு முடுக்கினால், மைனஸ் சப்ளை பெட்டி வழியாகக் கிரவுண்டோடு ஷார்ட். மைக்கா அல்லது சிலிக்கோன் ஷீட்டும், ஸ்க்ரூவுக்கு பிளாஸ்டிக் புஷ்ஷும் போட்டுத்தான் முடுக்க வேண்டும். முடுக்கிய பிறகு தகட்டுக்கும் பெட்டிக்கும் இடையே மீட்டர் வைத்து, பீப் வராததை உறுதி செய்துகொள்ளுங்கள்.

பெட்டிக்கு வந்தாயிற்று. மிட்டாய் டப்பாவில் வைக்கலாமா? வைக்கலாம், ஆனால் என் முதல் ஆம்பில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். 9 வோல்ட் பேட்டரி, நடுவில் பிரித்த சப்ளை, மேசையில் திறந்தபடி இரண்டு நாள் அற்புதமாகப் பாடியது. அடாப்டருக்கும் ஒரு சாக்கெட் இருக்கட்டும் என்று சேர்த்து, எல்லாவற்றையும் தகர டப்பாவில் பொருத்தி நட்டுகளை முடுக்கினேன். பாட்டு கரகரத்தது, ஐசி சுட்டது. ஐசி போய்விட்டது என்று மாற்றினேன், அதுவும் சுட்டது. ஒரு மாலை முழுக்கப் போன பிறகுதான் மீட்டரை எடுத்து கிரவுண்டை அளந்தேன். 4.5, 4.5 என்று பிரிந்திருக்க வேண்டிய சப்ளை ஒரு பக்கம் 9, மறுபக்கம் 0 என்று காட்டியது.

நடந்தது இதுதான். ஹெட்ஃபோன் ஜாக்கின் உலோகக் கழுத்து அதன் கிரவுண்ட் காலோடு சேர்ந்தே இருக்கும். அது டப்பாவைத் தொட்டதும் டப்பா முழுக்க நடுப்புள்ளி ஆகிவிட்டது. டிசி சாக்கெட்டின் கழுத்தும் உலோகம், அது பேட்டரியின் மைனஸ். இரண்டு நட்டும் ஒரே தகரத்தில். பாதி சப்ளையை டப்பாவே ஷார்ட் செய்துகொண்டிருந்தது. பிளாஸ்டிக் கழுத்துள்ள டிசி சாக்கெட் ஒன்று வாங்கி மாட்டியதும் எல்லாம் சரியாகிவிட்டது. அன்றிலிருந்து பெட்டியையும் சர்க்யூட் படத்தில் வரைந்துவிடுகிறேன். உலோகப் பெட்டியும் ஒரு கம்பிதான். எதையெல்லாம் தொடுகிறதோ அதையெல்லாம் இணைக்கும்.

ஆக உங்கள் ஆம்புக்கு அலுமினியப் பெட்டி. இரண்டு வகை கிடைக்கும். ஒன்று வார்ப்பு அலுமினியம், நான்கு ஸ்க்ரூவில் மூடி. ஹாம்மண்ட் 1590பி இதில் பிரபலம். 112-க்கு 60-க்கு 31 மில்லிமீட்டர். கிட்டார் பெடல் கட்டுகிறவர்கள் எல்லோரும் பயன்படுத்துவது. சுவர் கெட்டி, டிரில் செய்ய இதம். இன்னொன்று எக்ஸ்ட்ரூடட் வகை. நீளக் குழாய் மாதிரி உடம்பு, உள்ளே போர்டு வழுக்கி உட்காரப் பள்ளங்கள், முன்னும் பின்னும் தட்டைத் தகடுகள். போர்டின் அகலம் பள்ளத்துக்குச் சரியாக இருந்தால் இதைவிட நேர்த்தியான பெட்டி கிடையாது. ஓ2-வுக்கு நான் சொல்வது இதுதான். முன் தகடு கெட்டுப்போனால் தகட்டை மட்டும் புதிதாகச் செய்துகொள்ளலாம், உடம்பு அப்படியே இருக்கும்.

எக்ஸ்ட்ரூடட் பெட்டி வாங்கினால் ஒன்றைக் கவனியுங்கள். பளபளவென்று கருப்பாகவோ வெள்ளியாகவோ இருக்கும் அந்த அனோடைஸ் பூச்சு மின்சாரத்தைக் கடத்தாது. கண்ணுக்கு முழு உலோகப் பெட்டி. மீட்டருக்கு அது ஒன்றோடொன்று ஒட்டாத தனித்தனித் தகடுகள். நான் கட்டிய ஒன்றில் குமிழைத் தொடும்போதெல்லாம் ஹம் ஏறியது. முன் தகடு, உடம்பு, பின் தகடு மூன்றும் தனித்தனியாக மிதந்துகொண்டிருந்தன. ஸ்க்ரூ தலை உட்காரும் இடத்தில் பூச்சை உப்புத்தாளால் சுரண்டி, பல் உள்ள வாஷர் போட்டு முடுக்கியதும் ஹம் போயிற்று. முன் தகட்டில் இருந்து பின் தகடு வரை ஒரு ஓமுக்குள் காட்ட வேண்டும். பெட்டியை ஆடியோ கிரவுண்டோடு ஒரே ஓர் இடத்தில் இணையுங்கள், இன்புட் ஜாக்குக்குப் பக்கத்தில் இருந்தால் நல்லது. மற்ற ஜாக்குகள் பிளாஸ்டிக் கழுத்து உள்ளவையாகவோ, இன்சுலேட்டிங் வாஷர் போட்டவையாகவோ இருக்கட்டும்.

பிளாஸ்டிக், மரம் இரண்டும் வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். வேலை செய்வது எளிது, பேட்டரி ஆம்புக்குப் போதும். ஆனால் பக்கத்தில் ஃபோன் வைத்தால் உறுமும், கை கிட்டே வந்தால் ஹம் வரும். உள்பக்கம் காப்பர் டேப் ஒட்டி, ஒரு கம்பியால் கிரவுண்டுக்குக் கொடுத்துவிட்டால் பெரும்பாலும் அடங்கிவிடும். பாட்டின் உலோக உடம்புக்கும் ஒரு கிரவுண்ட் கம்பி கொடுங்கள். 3டி பிரிண்ட் செய்தால் பிஎல்ஏ 60 டிகிரி பக்கத்திலேயே இளகும் என்பதை நினைவில் வையுங்கள். ரெகுலேட்டருக்கு மேலே சுவர் ஒட்டி இருக்கக் கூடாது.

வாங்கும் வரிசைதான் முக்கியம். முதலில் பாட், குமிழ், ஜாக், ஸ்விட்ச், பவர் சாக்கெட், போர்டு. எல்லாம் கைக்கு வந்த பிறகு ஒரு தாளில் நிஜ அளவில் படுக்க வைத்து, சுற்றிலும் பென்சிலால் கோடு போடுங்கள். ஜாக்கை வைக்கும்போது பிளக்கையும் சொருகி வையுங்கள். பெரிய 6.35 மில்லிமீட்டர் பிளக்கின் தலை தடிமனாக இருக்கும். குமிழோடு இடித்தால் விரல் நுழையாது. ஜாக்கின் பின்பக்கக் கால்கள் போர்டின் பாகங்களைத் தொடாமல் ஒரு விரல் இடைவெளி. அந்தப் பென்சில் கோட்டைவிட ஒரு சுற்று பெரிய பெட்டியை வாங்குங்கள். படத்தில் பொருந்திய எதுவும் வயர் சேர்ந்ததும் பொருந்தாது.

துளை போடுவதற்கு முன் முகப்பு முழுக்க மாஸ்கிங் டேப் ஒட்டி, அதன் மேல் குறியுங்கள். சென்டர் பஞ்ச்சால் ஒரு தட்டு தட்டிவிட்டு 3 மில்லிமீட்டர் பிட்டில் தொடங்குங்கள். அப்புறம் படிப்படியாக அகலும் ஸ்டெப் பிட். துளியளவு மண்ணெண்ணெய் விட்டால் அலுமினியம் பிட்டில் அப்பிக்கொள்ளாது. 3.5 மில்லிமீட்டர் ஜாக்கின் கழுத்து பெரும்பாலும் 6, சின்ன பாட்டின் கழுத்து பெரும்பாலும் 7 மில்லிமீட்டர். ஆனால் உங்கள் கையில் இருப்பதை வெர்னியரில் அளந்து அதற்கு அரை மில்லிமீட்டர் கூட்டுங்கள். பாட்டின் முகத்தில் சின்ன மூக்கு ஒன்று நீட்டிக்கொண்டிருக்கும், பாட் சுழலாமல் பிடிப்பதற்கு. அதற்கும் ஒரு குட்டித் துளை வேண்டும். மூக்கை உடைத்துவிட்டு வெறும் நட்டை நம்பினால் ஆறே மாதத்தில் பாட் மொத்தமும் சேர்ந்து சுற்றும், உள்ளே வயர் முறுக்கிக்கொண்டு அறும். ஓரங்களை அரத்தால் மழித்து, பெட்டியைச் சோப்பு போட்டுக் கழுவி, நன்றாகக் காய வைத்த பிறகே போர்டைக் கிட்டே கொண்டு வாருங்கள். ஒரு அலுமினியச் சீவல் போதும், இரண்டு தடங்களை இணைத்துவிடும்.

முதல் முறை பவர் கொடுக்கும்போது ஐசிகள் சாக்கெட்டில் இருக்கக் கூடாது. பிளஸ் காலிலும் மைனஸ் காலிலும் 12 வருகிறதா என்று பார்த்து, பவரை நிறுத்தி, ஐசி சொருகி, மறுபடி கொடுங்கள். இப்போது ஹெட்ஃபோன் ஜாக்கில் எதையும் மாட்டாமல் டிசி வோல்டேஜை அளவிடுங்கள். இரு பக்கமும் 20 மில்லிவோல்ட்டுக்குள் இருந்தால் நலம். 50-ஐத் தாண்டினால் ஏதோ சால்டர் சரியில்லை, அல்லது ஒரு ரெசிஸ்டர் மாறிவிட்டது. ஹெட்ஃபோனைத் தொடவே வேண்டாம். சரியாக இருந்தாலும் முதலில் மாட்ட வேண்டியது போனாலும் பரவாயில்லை என்கிற ஒரு பழைய இயர்ஃபோன். அதில் பத்து நிமிடம் பாட்டுக் கேட்டு, ஐசியின் மேல் விரல் வைத்துச் சூடு பார்த்து, அப்புறம் 300 ஓம், கடைசியில் பிளானர்.

முகப்பில் எழுத்து போடுவதையும் பெயின்ட் அடிப்பதையும் ஒரு வாரம் தள்ளிப் போடுங்கள். தினமும் பயன்படுத்தும்போதுதான் ஸ்விட்ச் இடது பக்கம் இருந்திருக்கலாம், ஜாக் இன்னும் ஒரு சென்டிமீட்டர் தள்ளி இருந்திருக்கலாம் என்று கைக்குத் தெரியும். எக்ஸ்ட்ரூடட் பெட்டியில் முன் தகடு தனியாகக் கழன்று வருகிறதே, அந்த ஒரு வாரத்துக்குப் பிறகு இரண்டாவது தகட்டை வெட்டிக்கொள்ளலாம்.